நாடு கிடைச்சாச்சு... மொழி எங்கே?

உங்க கழுத்துல ஒரு சின்னக் குச்சி தொங்குதுனு வெச்சுக்குங்க. ஃபேஷன் இல்லை பாஸ், தண்டனை! அம்மா பேசுற பாஷையில நீங்க ஒரு வார்த்தை பேசினா, அந்தக் குச்சியில கத்தியால ஒரு கீறல். இன்னொரு வார்த்தையா? இன்னொரு கீறல். கடைசியில ஒருத்தர் கீறல்களை எண்ணுவார். எத்தனை கீறலோ அத்தனை அடி!

இது 19-ம் நூற்றாண்டு அயர்லாந்து. அந்தக் குச்சிக்கு 'பாட்டா ஸ்கோர்'னு பேர். கணக்குக் குச்சினு சொல்லலாம்.

'வெள்ளைக்காரன் பண்ணின அநியாயம்தானே'னு உடனே டென்ஷன் ஆகாதீங்க. மேட்டரே இனிமேதான். பல வீடுகள்ல அந்தக் கீறலைப் போட்டது போலீஸ் இல்லை, ராணுவம் இல்லை. பெத்த அப்பா, அம்மா! 'நமக்குத்தான் இங்கிலீஷ் வரலை. புள்ளைங்களாவது பேசக் கத்துக்கிட்டு எங்கேயாவது போய்ப் பிழைக்கட்டும்'ங்கிற பாசம். பாசம்தான் அடிக்கவும் சொல்லுச்சு.

ஒரு ஜனம் தன் மொழியை ரெண்டு மூணு தலைமுறைக்குள்ள கைகழுவுது. பிறகு அதே மொழியோட பேரைச் சொல்லி 'எங்களுக்குத் தனி நாடு வேணும்'னு சண்டை போடுது. நாடும் கிடைக்குது. மொழி மட்டும் கூப்பிட்ட உடனே திரும்பி வர மாட்டேங்குது. இதான் அயர்லாந்தோட கதை. அப்ப அவங்க அடையாளம்தான் என்ன? எது ஒருத்தரை 'ஐரிஷ்' ஆக்குது? மொழியா, மதமா, ரத்தமா, பாஸ்போர்ட்டா? வாங்க, ஒண்ணொண்ணா பார்ப்போம்.

உருளைக்கிழங்கு போனதும் மொழியும் போச்சு!

முதல்ல மேப்பைப் பார்த்துடுவோம். பிரிட்டனுக்கு மேற்கே இருக்கிற தீவு. நம்ம தமிழ்நாட்டுல மூணுல ரெண்டு பங்கு சைஸ். 1169-ல இங்கிலாந்து பக்கம் இருந்து நார்மன் படை வந்து இறங்குச்சு. 1600-களில் வடக்கே அல்ஸ்டர் பகுதியில ஸ்காட்லாந்து, இங்கிலாந்துல இருந்து புராட்டஸ்டன்ட் மக்களைக் கூட்டம் கூட்டமா கொண்டுவந்து குடியேத்தினாங்க. கத்தோலிக்கர்கள் கையில இருந்த நிலம் கொஞ்சம் கொஞ்சமா கைமாறுச்சு. 1801-ல அயர்லாந்தோட நாடாளுமன்றத்தையே மூடிட்டு, லண்டனோட சேர்த்துட்டாங்க.

அங்கே பேசின ஐரிஷ் மொழி, இங்கிலீஷோட லோக்கல் ஸ்லாங்னு நினைச்சுடாதீங்க. அது தனி மொழி. கெல்டிக் குடும்பம். வேல்ஷுக்கும் ஸ்காட்லாந்தோட கேலிக் மொழிக்கும் சொந்தக்காரன். மேற்கு ஐரோப்பாவுல லத்தீனுக்கு அப்புறம் ரொம்பப் பழைய இலக்கியம் வெச்சிருக்கிற மொழிகள்ல ஒண்ணு. ஆனா, 1737-ல ஒரு சட்டம் கோர்ட்டுல ஐரிஷுக்குத் தடை போட்டுச்சு. 1831-ல அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் வந்தப்ப பாடமெல்லாம் இங்கிலீஷ்லதான்.

அப்பவும் லட்சக்கணக்கான பேர் ஐரிஷ்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க. அதுலயும் மேற்குக் கரையோர ஏழைங்க. நல்ல நிலத்துல விளையுற தானியம் வாடகைக்கும் ஏற்றுமதிக்கும் போயிடும். இவங்க வயித்துக்கு மிஞ்சினது உருளைக்கிழங்கு மட்டும்தான். 1845-ல அந்தச் செடியில ஒரு பூஞ்சை மாதிரி நோய் விழுந்துச்சு. ஒரே ராத்திரியில பச்சையா நின்ன வயல் கறுத்து நாறுச்சுனு அன்னிக்குப் பார்த்தவங்க எழுதிவெச்சிருக்காங்க. அடுத்த ஏழு வருஷத்துல பசியிலயும் நோயிலயும் சுமார் 10 லட்சம் பேர் செத்தாங்க. இன்னொரு 10 லட்சத்துக்கும் மேல கப்பலேறிட்டாங்க. அதே நேரத்துல அதே தீவுத் துறைமுகங்கள்ல இருந்து தானியமும் மாடுகளும் இங்கிலாந்துக்குப் போய்க்கிட்டேதான் இருந்துச்சு!

ஒரு கணக்கு சொல்றேன். 1841-ல அந்தத் தீவோட ஜனத்தொகை கிட்டத்தட்ட 82 லட்சம். 2021, 2022-ல ரெண்டு பக்கமும் எடுத்த சென்சஸைக் கூட்டினா, சுமார் 70 லட்சம். 180 வருஷம் ஆகியும் பழைய எண்ணிக்கையைத் தொட முடியலை. இந்தப் பக்கம் நம்ம ஜனத்தொகை எப்படி ஏறுச்சுனு நினைச்சுப் பாருங்க, அந்தக் காயத்தோட ஆழம் புரியும்.

பஞ்சத்துல அதிகமா செத்ததும், கப்பலேறினதும் ஐரிஷ் பேசின ஏழைங்கதான். மிச்சம் இருந்தவங்க ஒரு பாடம் கத்துக்கிட்டாங்க. ஐரிஷ்னா பட்டினி. இங்கிலீஷ்னா அமெரிக்கா டிக்கெட். 1851 சென்சஸ்ல ஐரிஷ் தெரிஞ்சவங்க சுமார் 15 லட்சம். 1901-ல ஆறு லட்சத்து நாப்பதாயிரம் சொச்சம். அம்பதே வருஷத்துல பாதிக்கும் கீழே!

சட்டம் போட்டுத் தடுத்தா எதிர்த்து நிக்கலாம், கோஷம் போடலாம். 'இந்த மொழியால சோறு கிடைக்காது'ங்கிற பயம் அடுப்படி வரைக்கும் வந்துட்டா யார்கிட்ட போய்க் கோஷம் போடுறது? கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றக் கதவைத் திறந்துவிட்ட மாபெரும் தலைவர் டேனியல் ஓ'கானல், ஐரிஷ் பேசி வளர்ந்தவர். அவரே, நடைமுறைக்கு இங்கிலீஷ்தான் உதவும்னு நினைச்சவர். தலைவரே அப்படின்னா, தொண்டன் என்ன பண்ணுவான்?

மட்டையைத் தூக்கிய வாத்தியார்

மொழி போய்க்கிட்டே இருந்த நேரத்துல, 'நாம யாரு?'ங்கிற கேள்விக்கு முதல்ல பதில் வந்தது விளையாட்டு மைதானத்துல இருந்து. 1884 நவம்பர் 1. டிப்பரேரி மாவட்டத்துல தர்ல்ஸ்ங்கிற ஊர். அங்கே ஒரு ஹோட்டல்ல, மைக்கேல் க்யூஸாக்ங்கிற ஸ்கூல் வாத்தியார் இன்னும் சில பேரோட சேர்ந்து கேலிக் விளையாட்டுச் சங்கத்தை ஆரம்பிச்சார். சுருக்கமா ஜி.ஏ.ஏ.

'கிரிக்கெட்டும் ரக்பியும் துரைமார் ஆட்டம். நம்ம ஆட்டம் நமக்கு'னு ஹர்லிங், கேலிக் ஃபுட்பால் ரெண்டையும் தூசி தட்டி எடுத்தாங்க. ஹர்லிங் பார்த்திருக்கீங்களா? டீமுக்கு 15 பேர். கையில மரமட்டை. பந்தைத் தரையிலயும் அடிக்கலாம், ஆகாயத்துலயும் அடிக்கலாம். நம்ம ஹாக்கிக்கு யாரோ எனர்ஜி டிரிங்க் ஊத்திவிட்ட மாதிரி இருக்கும்!

இதுல செம விஷயம் என்னன்னா, இன்னிக்கும் இந்த ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. டப்ளின்ல இருக்கிற க்ரோக் பார்க் ஸ்டேடியத்துல 82 ஆயிரம் பேர் எழுந்து நின்னு கத்துவாங்க. ஆடினவர் அடுத்த நாள் காலையில வாத்தியார் வேலைக்கோ, மாட்டுப் பண்ணைக்கோ, ஆபீஸுக்கோ கிளம்பிடுவார். யாரு ஏலத்துல எடுத்தாங்கனு பேச்சே இல்லை. பிறந்த ஊருக்கு ஆடுறதுதான் பெருமை.

அடுத்து 1893. டக்ளஸ் ஹைடுங்கிற ஆள், கேலிக் லீக்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சார். ஊர் ஊரா சாயங்கால கிளாஸ். குமாஸ்தாவும் கடைப்பையனும் ஆபீஸ் முடிஞ்சு வந்து, தாத்தா மறந்துபோன மொழியை அ, ஆவுல இருந்து கத்துக்கிட்டாங்க. ஹைடு யார் தெரியுமா? புராட்டஸ்டன்ட் பாதிரியாரோட பிள்ளை. ஐரிஷ்னாலே கத்தோலிக்கர் பாஷைனு ஊரே நினைச்ச காலத்துல, பக்கத்து வீட்டு ஏழைங்ககிட்ட ஐரிஷ் கத்துக்கிட்டு வளர்ந்தவர். 'மொழிக்கு மதம் இல்லை'ங்கிறதுக்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

1938-ல அவரே அயர்லாந்தோட முதல் அதிபர் ஆனார். கிளைமாக்ஸ் கேளுங்க. அதே வருஷம், அதிபர்ங்கிற முறையில ஒரு சர்வதேச கால்பந்து மேட்ச் பார்க்கப் போனார். அது 'அந்நிய ஆட்டம்' ஆச்சே! ஜி.ஏ.ஏ. அவரைத் தன் கௌரவப் புரவலர் பட்டியல்ல இருந்து தூக்கிடுச்சு. ஐரிஷ் மொழிக்காக வாழ்நாளையே கொடுத்தவர், ஒரு ஃபுட்பால் மேட்ச் பார்த்ததால ஐரிஷ் பரீட்சையில ஃபெயில்! தன் ஆட்டத்தைக் காப்பாத்தப் போட்ட வேலி, அடுத்தவன் ஆட்டத்தைப் பார்க்கவிடாத சுவர் ஆயிடுச்சு. அந்தத் தடையை எடுக்க 1971 வரைக்கும் ஆச்சு.

ரத்தத்துல என்ன இருக்கு?

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். டப்ளின் தலைமைத் தபால் நிலைய வாசல்ல நின்னு ஒருத்தர், அயர்லாந்து குடியரசுப் பிரகடனத்தை வாசிச்சார். பேட்ரிக் பியர்ஸ். இவரும் ஒரு வாத்தியார்தான். ஐரிஷ், இங்கிலீஷ் ரெண்டுலயும் பாடம் சொல்லித் தர சொந்தமாவே பள்ளிக்கூடம் நடத்தினவர். கேலிக் லீக் பத்திரிகைக்கு ஆசிரியரா இருந்தவர்.

அந்தப் பிரகடனத்தோட உச்சியில 'அயர்லாந்துக் குடியரசு'னு ஒரு வரி ஐரிஷ்ல இருக்கு. அதுக்குக் கீழே மொத்தமும் இங்கிலீஷ்! யாரை எதிர்த்து எழுதினாங்களோ அவங்க மொழியில எழுதினாத்தான் சொந்த ஜனத்துக்கே புரியும்ங்கிற நிலைமை. சிரிக்கிறதா, அழறதா?

அதுல கையெழுத்துப் போட்ட ஏழு பேரையும் பாருங்க. டாம் க்ளார்க் பிறந்தது இங்கிலாந்துல. ஜேம்ஸ் கானலி பிறந்தது ஸ்காட்லாந்தோட எடின்பரோவுல. பியர்ஸோட அப்பா ஓர் இங்கிலீஷ்காரர். அந்தக் கிளர்ச்சியில ஆயுதம் எடுத்த கான்ஸ்டன்ஸ் மார்கியவிச், லண்டன்ல பிறந்தவங்க. பின்னாடி பல வருஷம் நாட்டை ஆண்ட ஈமன் டி வலேரா, நியூயார்க்ல பிறந்தவர். அப்பா ஸ்பானிஷ் வழி. 'சுத்த ரத்தம்'னு டெஸ்ட் வெச்சிருந்தா, இந்த நாட்டைக் கட்டின ஆட்கள்ல பாதிப் பேர் கேட்டைத் தாண்டியிருக்க மாட்டாங்க. இவங்க யாரும் பிறப்பை வெச்சு மட்டும் ஐரிஷ் இல்லை. 'நான் ஐரிஷ்'னு முடிவெடுத்ததால ஐரிஷ்.

கிளர்ச்சி ஆறே நாள்ல அடங்கிடுச்சு. டப்ளின் நடுத்தெரு தரைமட்டம். செத்தது கிட்டத்தட்ட 500 பேர், அதுல பாதிக்கும் மேல சாதாரணப் பொதுஜனம். ஆரம்பத்துல ஊர்ஜனமே கிளர்ச்சிக்காரர்களைத் திட்டுச்சு. பிரிட்டிஷ் அரசு ஒரு காரியம் பண்ணுச்சு பாருங்க. 16 பேருக்கு மரண தண்டனை. அதுல கானலி, காயத்தால நிக்கவே முடியாத நிலைமை. அவரை நாற்காலியில உட்காரவெச்சுச் சுட்டாங்க. ஊர் மனசு அங்கே திரும்புச்சு. 1918 தேர்தல்ல அயர்லாந்தோட 105 இடங்கள்ல 73, தனி நாடு கேட்ட சின் ஃபெய்ன் கட்சிக்கு!

ஜெயிச்சவங்க லண்டனுக்குப் போகலை. 1919 ஜனவரியில டப்ளின்லயே தங்களுக்குனு ஒரு நாடாளுமன்றம் கூட்டினாங்க. முதல் நாள் நடவடிக்கை பெரும்பாலும் ஐரிஷ்ல. அடுத்து கொரில்லா யுத்தம். 1921 டிசம்பர்ல ஒப்பந்தம். 26 மாவட்டம் இவங்களுக்கு, வடக்கே ஆறு மாவட்டம் பிரிட்டனோடயே. 'இதை ஏத்துக்கலாமா, கூடாதா?'னு கூட இருந்தவங்களுக்குள்ளேயே உள்நாட்டுப் போர். ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்ட மைக்கேல் காலின்ஸ், 1922 ஆகஸ்ட்ல தன் பழைய தோழர்கள் போட்ட பதுங்கு தாக்குதல்ல செத்தார். வயசு 31.

சிலபஸ்ல போட்டா மொழி வருமா?

சரி, நாடு வந்தாச்சு. இனி மொழி வந்துடும்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. புது அரசு ஸ்கூல்ல ஐரிஷைக் கட்டாயம் ஆக்குச்சு. ஐரிஷ்ல ஃபெயிலானா பள்ளி இறுதிச் சான்றிதழே கிடையாது. அரசு வேலைக்கும் ஐரிஷ் வேணும். 1937 அரசியல் சட்டம் ஐரிஷைத் தேசிய மொழி, முதல் ஆட்சி மொழினு அறிவிச்சுச்சு. இங்கிலீஷ் ரெண்டாவதுதான். இந்த 1937 அரசியல் சட்டம் உங்களுக்குப் பழக்கமானதுதான். சிவிக்ஸ்ல 'அரசுக் கொள்கைக்கான வழிகாட்டு நெறிகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன?'னு ஒரு மார்க் கேள்வி வருமே... பதில் இதுதான்!

ரிசல்ட்? எம்-3 பேப்பர் மாதிரிதான். கெஸ் கொஸ்டீன் படிச்சு, பாஸ் மார்க் வாங்கி, ஹாலை விட்டு வெளியே வந்ததும் டோட்டல் டெலீட்! 1973-ல 'ஐரிஷ்ல பாஸானாத்தான் சான்றிதழ்'ங்கிற விதியையே எடுத்துட்டாங்க. பாடமா மட்டும் தொடருது.

2022 சென்சஸ் ரொம்ப சுவாரஸ்யம். 'ஐரிஷ் பேச வருமா?'னு கேட்டதுக்கு 'வரும்'னு சொன்னவங்க சுமார் 18 லட்சத்து 74 ஆயிரம் பேர். நூத்துக்கு 40 பேர்! சூப்பர்தானேனு விசிலடிக்காதீங்க. பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுறவங்க? சுமார் 72 ஆயிரம் பேர் மட்டும்.

ஏன் இப்படி? அரசாங்கம் பரீட்சையை மாத்துச்சு, வாழ்க்கையை மாத்தலை. ஐரிஷ் உயிரோட இருந்த மேற்குக் கரையோர ஊர்கள்ல வேலை இல்லை. அங்கே இருந்த இளைஞன் பாஸ்டனுக்கும் லண்டனுக்கும் போய்க்கிட்டேதான் இருந்தான். ஆபீஸ் போர்டு ஐரிஷ்ல இருக்கும், கவுன்ட்டர்ல பேசுறது இங்கிலீஷா இருக்கும். கழுத்துல இருந்து குச்சி போயிடுச்சு, அப்பா அம்மா போட்ட கணக்கு அப்படியே இருந்துச்சு. அதோட, விரும்பிக் கத்துக்கிட்ட ஒரு மொழியை அடிச்சுச் சொல்லிக்கொடுத்தா, பசங்களுக்கு அது சுதந்திரத்தோட மொழியா தெரியுமா... ஹோம்வொர்க்கா தெரியுமா?

ஒன்பது குழந்தைகள் போதும்!

இப்ப அப்படியே வடக்கே, பெல்ஃபாஸ்ட்டுக்கு வாங்க. அது பிரிட்டன் ஆட்சியில இருக்கிற பகுதி. ஐரிஷுக்கு அப்ப அங்கே அரசு ஆதரவு பெருசா இல்லை. 1960-களோட கடைசியில மேற்கு பெல்ஃபாஸ்ட்ல ஒரு சில இளம் தம்பதிகள் சேர்ந்தாங்க. யாருக்கும் ஐரிஷ் தாய்மொழி இல்லை, கத்துக்கிட்ட மொழி. சேர்ந்து காசு போட்டாங்க. ஷாஸ் ரோடுங்கிற இடத்துல பக்கத்துல பக்கத்துல வீடு கட்டிக்கிட்டாங்க. ஒரே ஒரு முடிவு... பிள்ளைங்ககிட்ட ஐரிஷ்ல மட்டும்தான் பேசுறது.

1971-ல அங்கே ஒரு ஐரிஷ் வழிப் பள்ளிக்கூடம் தொடங்கினாங்க. மொத்த ஸ்ட்ரென்த் ஒன்பது குழந்தைகள்! அரசு உதவி வர பதிமூணு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் பெத்தவங்க கைக்காசுதான். வெளியே தெருவுல குண்டுவெடிப்பு, ராணுவ ரோந்து, கலவரம். உள்ளே குழந்தைகள் ஐரிஷ்ல கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. இன்னிக்கு வட அயர்லாந்துல ஆயிரக்கணக்கான பிள்ளைங்க ஐரிஷ் வழியில படிக்கிறாங்க. தெற்குலயும் பெற்றோர்களே கேட்டு வாங்கின ஐரிஷ் வழிப் பள்ளிகள் ஊர் ஊரா முளைச்சிருக்கு.

வித்தியாசத்தைக் கவனிச்சீங்களா? ஒரு பக்கம் அரசியல் சட்டம், பட்ஜெட், பரீட்சை எல்லாம் இருந்தும் மொழி வீட்டுக்குள்ள வரலை. இன்னொரு பக்கம் எதுவுமே இல்லை. வீட்டுல இருந்துதான் மொழி வெளியே வந்துச்சு.

அப்புறம் மெல்ல மெல்ல ஐரிஷ் 'கூல்' ஆயிடுச்சு. 1996-ல ஐரிஷ் டி.வி. சேனல். 2007-ல ஐரோப்பிய யூனியனோட ஆட்சி மொழிகள்ல ஒண்ணு. 2022-ல வந்த 'தி கொயட் கேர்ள்', ஆஸ்கர்ல சிறந்த வெளிநாட்டுப் படப் பிரிவுல நாமினேஷன் வாங்கின முதல் ஐரிஷ் மொழிப் படம். பெல்ஃபாஸ்ட்டோட 'நீகேப்' குரூப் ஐரிஷ்ல ராப் பாடி, 2024-ல அவங்க கதையே சினிமாவா வந்து சக்கைப்போடு போட்டுச்சு. தாத்தாவை அடிவாங்க வெச்ச மொழியில பேரன் மைக் பிடிச்சு லண்டனையே கலாய்க்கிறான்! கோர்ட்டுல ஐரிஷைத் தடுத்த அந்த 1737 சட்டம்? வட அயர்லாந்துல அதை நீக்கின சட்டம் வந்தது 2022-ல. 285 வருஷம்!

'ரெண்டும்தான்'னு சொல்லலாமா?

வடக்கே இருக்கிற அந்த ஆறு மாவட்டக் கதை தனி ட்ராஜெடி. தங்களை பிரிட்டிஷ்னு நினைக்கிற புராட்டஸ்டன்ட்கள், ஐரிஷ்னு நினைக்கிற கத்தோலிக்கர்கள். 1960-களின் கடைசியில ஆரம்பிச்ச மோதல்ல முப்பது வருஷத்துல 3,500 பேருக்கும் மேல செத்தாங்க. இந்தக் காலத்துல ஐரிஷ் மொழியே 'ஒரு கட்சியோட கொடி' ஆயிடுச்சு.

1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி ஒப்பந்தம். அதுல ஒரு அம்சம் என்னை அசத்திடுச்சு. வட அயர்லாந்துல பிறந்த ஒருத்தர் தன்னை ஐரிஷ்னு சொல்லிக்கலாம், பிரிட்டிஷ்னு சொல்லிக்கலாம், ரெண்டும்னும் சொல்லிக்கலாம். அது அவர் இஷ்டம். ரெண்டு நாட்டு அரசும் அதை மதிக்கணும்! 'நீ யாரு?'ங்கிற கேள்விக்கு ஒரே ஒரு விடையைத்தான் டிக் பண்ணணும்னு அடிச்சுக்கிட்டவங்க, கடைசியில ரெண்டு விடையையும் டிக் பண்ண சட்டத்துலயே இடம் விட்டாங்க. தெற்கே இருக்கிற குடியரசும், வடக்கு தனக்குச் சொந்தம்னு அரசியல் சட்டத்துல வெச்சிருந்த உரிமையை ஓட்டுப் போட்டு விட்டுக்கொடுத்துச்சு.

கிழக்கு பெல்ஃபாஸ்ட்னா பிரிட்டிஷ் கொடி பறக்கிற புராட்டஸ்டன்ட் ஏரியா. அங்கே லிண்டா எர்வின்ங்கிற புராட்டஸ்டன்ட் பெண்மணி இன்னிக்கு ஐரிஷ் வகுப்புகள் நடத்துறாங்க. 'பெல்ஃபாஸ்ட்'ங்கிற பேரே ஐரிஷ். ஆற்று மணல்திட்டின் முகத்துவாரம்னு அர்த்தம். புராட்டஸ்டன்ட் கோட்டையான 'ஷான்கில்' ரோடும் ஐரிஷ் பேருதான். பழைய தேவாலயம்னு அர்த்தம். வாழுற தெருவோட பேருக்கு அர்த்தம் தெரிஞ்சுக்க யார்கிட்ட பர்மிஷன் கேட்கணும்?

இன்னொரு காட்சி. 1920 நவம்பர் 21 காலையில கிளர்ச்சியாளர்கள் டப்ளின்ல பிரிட்டிஷ் உளவாளிகளைக் குறிவெச்சுக் கொன்னாங்க. சாயங்காலம் க்ரோக் பார்க்ல கேலிக் ஃபுட்பால் மேட்ச். பிரிட்டிஷ் படை உள்ளே புகுந்து சுட்டதுல 14 பேர் பலி. அதுல குழந்தைகளும் உண்டு, மைக்கேல் ஹோகன்ங்கிற ஆட்டக்காரரும் உண்டு. அவர் பேர்லதான் இன்னிக்கும் அங்கே ஒரு கேலரி இருக்கு. அந்த மைதானத்துல 'அந்நிய ஆட்டம்' நடக்கவே கூடாதுனு வெச்சிருந்தாங்க.

86 வருஷம் கழிச்சு, 2007 பிப்ரவரி 24. அதே மண்ணுல அயர்லாந்து - இங்கிலாந்து ரக்பி! இங்கிலாந்தோட தேசிய கீதம் ஒலிக்கணும். ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கூச்சல் போடுவாங்களா? பாட்டிலை வீசுவாங்களா? ஒரு சத்தம் இல்லை. 80 ஆயிரம் பேர் மரியாதையா நின்னாங்க. அப்புறம் மேட்ச்சுல 43-13னு இங்கிலாந்தைப் புரட்டி எடுத்தாங்க. பழிவாங்கல்லயே இது தனி ஸ்டைல் இல்லையா!

நம்ம ஊர்ல ஐரிஷ் தடம்

மெரினாவுல கால்டுவெல் சிலை முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க. 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதின ராபர்ட் கால்டுவெல், 1814-ல அயர்லாந்தோட ஆன்ட்ரிம் மாவட்டத்துல, ஸ்காட்லாந்து பெற்றோருக்குப் பிறந்தவர். அவர் 1838-ல சென்னைக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடியில தங்கினார். 1856-ல அந்தப் புத்தகம் வந்துச்சு. பிறந்த தீவுல ஒரு பழைய மொழி பஞ்சத்துல கரைஞ்ச அதே வருஷங்கள்ல, இங்கே ஒரு பழைய மொழிக்குத் தனிக் குடும்பம் உண்டுனு அவர் எழுதிக்கிட்டு இருந்தார்.

பஞ்ச நிவாரணத்தைக் கையில வெச்சிருந்த லண்டன் அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன். சந்தையில அரசு தலையிடக் கூடாதுனு இறுக்கிப் பிடிச்சவர். அயர்லாந்து இன்னும் அவரை மறக்கலை. அவர் 1859-ல சென்னை மாகாண கவர்னரா வந்து இறங்கினார்!

பெசன்ட் நகர் போறீங்களே, அந்த அன்னி பெசன்ட் ஐரிஷ் வம்சாவளி. 1916-ல சென்னையில அவங்க தொடங்கின 'ஹோம் ரூல்' இயக்கத்தோட பேரே அயர்லாந்துல இருந்து வந்ததுதான். பின்னாடி நம்ம ஜனாதிபதி ஆன வி.வி.கிரி, 1913-ல டப்ளினுக்குச் சட்டம் படிக்கப் போனவர். 1916 கிளர்ச்சிக்குப் பிறகு அங்கிருந்து வெளியேத்தப்பட்டார்.

இப்ப அடுத்த பரீட்சை

கப்பலேறிப் போனவங்க நாடு, இன்னிக்கு வந்து இறங்குறவங்க நாடு. 2022 சென்சஸ்படி அங்கே வாழுறவங்கள்ல ஐஞ்சுல ஒருத்தர் வெளிநாட்டுல பிறந்தவர். இந்தியக் குடிமக்கள் மட்டும் 45 ஆயிரத்துக்கும் மேல. ஐ.டி. ஆட்கள், நர்ஸுங்க, மாணவர்கள். 2017-ல பிரதமர் ஆன லியோ வராத்கரோட அப்பா மும்பைக்காரர்.

எல்லாம் சுமுகம்னு சொல்ல முடியாது. 2023 நவம்பர்ல டப்ளின்ல குடியேறிகளுக்கு எதிரா கலவரம், பஸ் எரிஞ்சுச்சு. 2025 கோடையில இந்தியர்கள் மேல தாக்குதல் தொடர்ந்ததால, நம்ம தூதரகமே 'ஜாக்கிரதையா இருங்க'னு எச்சரிக்கை விட்டுச்சு. தாத்தாக்கள் பஞ்சத்துக்குத் தப்பி ஓடி, அமெரிக்காவுல கேவலப்பட்டு, அங்கே இடம் பிடிச்சவங்க. பேரன்கள்ல சிலர் கதவைச் சாத்தப் பார்க்கிறாங்க. அதை எதிர்த்துத் தெருவுல இறங்கினதும் ஐரிஷ் மக்கள்தான். நியூயார்க்ல பிறந்த டி வலேரா ஐரிஷ்னா, ஐரிஷ் வழிப் பள்ளியில படிக்கிற ஒரு மலையாள நர்ஸோட மகள் ஏன் ஐரிஷ் இல்லை? அடுத்த தலைமுறை இதுக்குத்தான் விடை எழுதணும்.

எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான் ஃப்ரெண்ட்ஸ். மொழியோ அடையாளமோ, தாத்தா பீரோவுல பூட்டி வெச்ச பத்திரம் இல்லை. நாம தூங்கினாலும் அது பத்திரமா இருக்கும்னு நினைச்சா ஏமாந்துபோவோம். அரசாங்கம் அறிவிக்கலாம், போர்டு எழுதலாம், பரீட்சை வைக்கலாம். ராத்திரி சாப்பிடும்போது குழந்தைகிட்ட எந்த மொழியில பேசுறோம்ங்கிறதை எந்த அரசாங்கமும் முடிவு பண்ண முடியாது. அயர்லாந்துல அதைத் தொலைச்சதும் குடும்பங்கள்தான், மீட்டதும் குடும்பங்கள்தான்.

நாளைக்கே ஆன்சைட்ல டப்ளின் போறவங்களுக்கு ஒரு டிப்ஸ். ஐரிஷ்காரங்களைப் பார்த்தா 'டீயா க்விட்'னு சொல்லிப் பாருங்க. 'கடவுள் உன்னோடு இருக்கட்டும்'னு அர்த்தம். அவங்க வணக்கம் அதுதான். சில பேர் பதிலுக்குக் கடகடனு ஐரிஷ்லயே கொட்டுவாங்க. பல பேர் கொஞ்சம் வெட்கப்பட்டு, 'ஸ்கூல்ல படிச்சது, மறந்துபோச்சு'னு சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பையும் கவனிங்க. மறந்ததுக்கு வருத்தப்படுற வரைக்கும் ஒரு மொழிக்கு இன்னும் ஒரு சான்ஸ் இருக்கு.